தடுப்பூசியும் பொறுப்புடைமையும்: தங்கவயல் முதல் திருவள்ளூர் வரை ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

குழந்தைக்குத் தடுப்பூசி இட்ட பின் தீங்கு நேருமாயின் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் யார்? ஊசி இட்ட செவிலியரா, மருந்தைச் செய்த நிறுவனமா, திட்டத்தை வகுத்த அரசா? இவ்வினா மருத்துவத் துறைக்கு மட்டும் உரியதன்று. தமிழர் வாழும் பகுதிகளின் சமூக வரலாற்றிலும் இது மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. கோலார் தங்கவயலின் தொழில்நோய் வரலாற்றில் தொடங்கி, 1955ஆம் ஆண்டின் பி.சி.ஜி. விவாதம், செங்கல்பட்டுக் கள ஆய்வு, 2008ஆம் ஆண்டுத் திருவள்ளூர் நிகழ்வு ஆகியவற்றின் வழியே இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தடுப்பூசி வேண்டுமா வேண்டாவா என்பது இங்கு ஆய்வுப் பொருளன்று. அம்மை, இளம்பிள்ளை வாதம் முதலியவற்றிலிருந்து அது காத்த உயிர்கள் மிகப் பல என்பதில் ஐயமில்லை.

தங்கவயல்: காரணமும் பொறுப்பும்

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலாரில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். அதன்பின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக அங்குக் குடியேறினர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் அமைந்ததும், அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரால் நடத்தப்பெற்றதும் தமிழாய்வாளர் நன்கறிந்த செய்திகள். வாசிக்கவும் வினவவும் பழகிய தொழிலாளர் சமூகம் அது.

அச்சமூகத்தை வாட்டிய நோய்கள் இரண்டு. ஒன்று, பாறைத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ், மற்றொன்று காசநோய். சிலிகோசிஸ் இந்தியாவில் முதன்முதலில் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே கண்டறியப்பட்டது என மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. சிலிகோசிஸ் கண்ட நுரையீரலில் காசநோயும் எளிதிற் பற்றும். இரண்டிற்கும் இருமலும் மூச்சிரைப்பும் பொது. ஆயின் சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. முன்னது தொழில்நோய், நிறுவனம் இழப்பீடு தரவேண்டும். பின்னது தொழிலாளியின் சொந்த நோய், நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை. ஆகவே நோய்க்குக் காரணம் இன்னது என வரையறுப்பதிலேயே பொறுப்பு யாருடையது என்பதும் முடிவாகிவிடுகிறது. காரணத்தைக் கூறும் மருத்துவர் யாருடைய ஊதியம் பெறுபவர் என்னும் வினாவும் உடன் எழுகிறது. தடுப்பூசி விவாதத்தின் மையச் சிக்கலும் இதுவேயாகும்.

1955ஆம் ஆண்டின் விவாதம்

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி, 1948ஆம் ஆண்டு கோலார் மாவட்டத்தை அடுத்துள்ள மதனப்பள்ளியில் சோதனை முறையில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் சென்னைக் கிண்டியில் அத்தடுப்பு மருந்தைச் செய்யும் ஆய்வகம் நிறுவப்பட்டது. பின்னர் உலக சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் துணையுடன் நாடெங்கும் பெருந்திரள் இயக்கம் நடைபெற்றது. முதலில் டியூபர்குலின் சோதனை செய்து, எதிர்வினை காட்டாதவருக்கு மட்டுமே ஊசி இடுவது முறையாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளே இதில் முதன்மை இடம் பெற்றனர்.

இதனைச் சென்னையில் எதிர்த்தவருள் முன்நின்றவர் சுகாதாரப் பொறியாளராகப் பணியாற்றிய ஏ.வி. இராமன். 1955ஆம் ஆண்டில் சி. இராஜகோபாலாச்சாரியாரும் இவ்வெதிர்ப்பில் இணைந்து, தாம் எதிர்ப்பதற்கான காரணங்களை நூலாகவே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நலமுள்ள குழந்தைகளின் உடலில் செலுத்துவது முறையா, அதன் பயன் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டதா என்பன எதிர்ப்பாளர் எழுப்பிய வினாக்கள். நல்ல உணவும் தூய குடியிருப்பும் தருவதன்றோ முதற்கடன் என்றும் அவர்கள் கேட்டனர். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தை உறுதியாக ஆதரித்தார்.

எதிர்ப்பாளரின் அச்சத்திற்கு ஒரு வரலாற்றுப் பின்புலம் உண்டு. 1930ஆம் ஆண்டு செருமனியின் லூபெக் நகரில் ஏறத்தாழ 250 குழந்தைகளுக்கு வாய்வழி பி.சி.ஜி. தரப்பட்டது; அவருள் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்ளூர் ஆய்வகத்தில் நோய் விளைக்கும் காசக் கிருமி மருந்துடன் கலந்ததே காரணம் எனத் தெரியவந்தது. 1932இல் மருத்துவர் இருவர் தண்டிக்கப்பட்டனர். பி.சி.ஜி. குற்றமற்றது, அதனைச் செய்த முறையே குற்றமுடையது என்பதே அவ்விசாரணை கண்ட உண்மை. விசாரணை வெளிப்படையாக நடந்தமையால்தான் இவ்வேறுபாட்டை உலகம் அறிய முடிந்தது.

செங்கல்பட்டு தந்த விடை

பயன் நிறுவப்பட்டதா என்னும் வினாவுக்கு விடையும் தமிழகத்திலேயே கிடைத்தது. 1968ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்துடன் இணைந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் மாபெரும் கள ஆய்வைத் தொடங்கியது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதில் சேர்க்கப்பட்டு, ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசியும் மற்றவருக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது ஏழரை ஆண்டுத் தொடர்நோக்கின் முடிவு. இது 1979-80இல் வெளியாயிற்று.

இம்முடிவு இரு தரப்பினருக்கும் முழு வெற்றி தரவில்லை. எதிர்ப்பாளர் அஞ்சிய பெருங்கேடு நிகழவில்லை. ஆதரவாளர் வாக்களித்த பெரும்பயனும் கிட்டவில்லை. எனினும் குழந்தைகளைத் தாக்கும் காச மூளையுறை அழற்சி போன்ற கொடிய வகைகளிலிருந்து பி.சி.ஜி. காப்பது பிற ஆய்வுகளால் உறுதிப்பட்டமையால், பிறந்த குழந்தைக்கு அதனை இடும் வழக்கம் தொடர்கிறது. சான்று கேட்டவர் தடுப்பூசியின் பகைவர் அல்லர். அக்கேள்வியே அறிவியலை முன்செலுத்தியது எனலாம்.

திருவள்ளூர், 2008

2008ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நாட்டின் மூன்று பொதுத்துறைத் தடுப்பு மருந்து நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. கசௌலி நடுவண் ஆராய்ச்சி நிறுவனம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் என்பன அவை. இரண்டு தமிழகத்தைச் சேர்ந்தவை. நல்லுற்பத்தி நெறிமுறைகளை நிறைவு செய்யாமை காரணமாகக் கூறப்பட்டது. 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் தேவைக்குத் தனியார் உற்பத்தியையே பெரிதும் சார்ந்திருக்க நேர்ந்தது.

அதே 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி இடப்பெற்ற நான்கு குழந்தைகள் உயிரிழந்தனர். இதன்பின் தமிழக அரசு ஊர்தோறும் சென்று ஊசி இடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் முன்னிலையில் மட்டுமே இடுமாறு ஆணையிட்டது. அந்நிலையங்களுக்குத் தொலைவில் வாழ்ந்த தாய்மார்க்கு இது புதிய சுமையாயிற்று.

தட்டம்மை மருந்து உலர்ந்த தூளாக வரும். அதனை உரிய நீர்மத்தில் கரைத்து, குளிரில் வைத்து, சில மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். தவறின் நச்சுக் கிருமிகள் பெருகக்கூடும். உற்பத்தி, குளிர்பதனம், கலத்தல், ஊசி இடல் எனப் பல கைகள் இதில் தொடர்புறுகின்றன. ஊசி இட்ட செவிலியரே மக்கள் கண்முன் நிற்பவர். பிறர் தொலைவில் உள்ளனர். ஆதலின் பழி முதலில் அவர் மீதே விழுகிறது. மறுபுறம், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல, தற்செயலாக நேர்ந்த நோயும் ஊசியின் மீது சுமத்தப்படுதல் உண்டு. இவற்றைப் பிரித்தறியவே உலக சுகாதார நிறுவனம் தீங்குகளை ஐவகைப்படுத்தியது: மருந்தின் இயல்பால் வருவது, தரக்குறைவால் வருவது, இடும் பிழையால் வருவது, அச்சத்தால் வருவது, தற்செயலானது. முதலிரண்டும் உற்பத்தியாளரையும், மூன்றாவது திட்டத்தை நடத்துவோரையும் சுட்டுவன.

சட்டத்தின் நிலை

பிரிட்டன் 1979ஆம் ஆண்டிலும் அமெரிக்கா 1986ஆம் ஆண்டிலும், எவருடைய பிழை என்று மெய்ப்பிக்காமலே இழப்பீடு பெறச் சட்டம் இயற்றின. இந்தியாவில் இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2ஆம் நாள் அளித்த தீர்ப்பில், எவரையும் தடுப்பூசிக்குக் கட்டாயப்படுத்தலாகாது என்றும், தீங்கு குறித்த அறிக்கைகளைத் தனிமறைவு காத்துப் பொதுவில் வெளியிட வேண்டும் என்றும் கூறியது. அவ்வாண்டு நவம்பரில் ஒன்றிய அரசு, கோவிட் தடுப்பூசியால் நேர்ந்ததாகக் கூறப்பட்ட மரணங்கள் குறித்த வழக்கில், அரசை நேரடிப் பொறுப்பாளியாக்க இயலாது என்றும் பெற்றோர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் விடையளித்தது. மருந்தின் தொகுதி எண்ணையும் உடற்கூற்று அறிக்கையையும் எளிதில் பெறவியலாத ஏழைப் பெற்றோர்க்கு அவ்வழி மிகக் கடினமானது என்பது வெளிப்படை.

முடிவுரை

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் தமிழகத்திலும் கருநாடகத்திலும் ஒருசேரத் தொடங்கியது. வதந்திகளால் பெற்றோர் தயங்கவே தமிழகத்தில் இயக்கத்தின் காலம் நீட்டிக்கப்பட்டது. இத்தயக்கத்தை அறியாமை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலிலும் திருவள்ளூர்க் குழந்தைகளின் மரணத்திலும் எழுந்த வினா ஒன்றே: காரணத்தை யார் ஆராய்வர், முடிவை யார் வெளியிடுவர், இழப்பை யார் ஏற்பர்? இவற்றுக்குத் தெளிவான விடை தரும் அமைப்பு இருக்குமிடத்தில் தடுப்பூசி மீதான நம்பிக்கை நிலைக்கும் என்பதே லூபெக், செங்கல்பட்டு ஆகியவற்றால் பெறப்படும் முடிவு. தங்கவயல் போன்ற தொழிலாளர் குடியிருப்புகளின் நோய் நினைவுகளும் உள்ளூர்த் தமிழ் வெளியீடுகளும் இந்நோக்கில் தொகுக்கப்படின், தமிழ்ச் சமூக மருத்துவ வரலாறு மேலும் விரிவுபெறும்.