பார்க்கிங் வீடுகளுக்குப் பின்வளவு வந்த கதை



பங்குனி மாதம் பிறந்து பின்வளவில் புல் தலைகாட்டத் தொடங்கினால் எம்மவர் வீடுகளில் இரண்டு யோசனைகள் எழும். ஒன்று, இந்த முறை கீரை போட்டுப் பார்ப்போமா? மற்றது, இந்தத் தொல்லையே வேண்டாம், சீமெந்து போட்டு மூடிவிடுவோமா? இரண்டாவது முடிவை எடுக்குமுன், அந்தக் காணித்துண்டு எப்படி அங்கே வந்தது என்பதை ஒருமுறை அறிந்துகொள்வோம்.

பார்க்கிங் ஒரு காலத்தில் தோட்டங்களின் ஊர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் சந்தைக்கு உருளைக்கிழங்கு அனுப்பிய ஊர்களில் இதுவும் ஒன்று. முதலாம் உலகப் போர் முடிந்த 1918ஆம் ஆண்டில், போர்முனையிலிருந்து திரும்புவோருக்கு நல்ல வீடு வேண்டும் என்ற குரல் எழுந்தது. அவ்வாண்டு வெளிவந்த ரியூடர் வோல்ரர்ஸ் அறிக்கை, நகரங்களில் ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் கட்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 1919இன் வீடமைப்புச் சட்டம் அதற்கு அரச பணத்தையும் தந்தது.

இதை எங்கள் ஊர்க் கணக்கில் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் தோட்டக் காணி 16 பரப்பு ஓர் ஏக்கர். அப்படியானால் தெருவையும் சேர்த்து வீடொன்றுக்கு ஒன்றேகால் பரப்புக்குச் சற்று அதிகம். பின்வளவு தற்செயலாக மிஞ்சிய இடமல்ல. திட்டம்போட்டு ஒதுக்கிய இடம்.

1921இல் லண்டன் கவுண்டி கவுன்சில், பார்க்கிங், டகன்ஹாம், இல்போர்ட் ஆகிய மூன்று ஊர்களின் காணிகளில் பெக்கன்ட்ரீ குடியிருப்பைக் கட்டத் தொடங்கியது. 1930களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 26,000 வீடுகள் எழுந்தன. குடிவந்தவர்களில் பலர் கிழக்கு லண்டனின் நெருக்கமான அறைகளில் வாழ்ந்தவர்கள். மண்வெட்டி பிடித்துப் பழகாதவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். தோட்டத்தைத் துப்புரவாக வைத்திருக்கவேண்டும் என்பது கவுன்சிலின் வாடகை விதிகளில் ஒன்று. நல்ல தோட்டங்களுக்குப் பரிசும் உண்டு. விதி கடுமையாகத் தோன்றினாலும், ஒரு தலைமுறை மண்ணோடு பழகியது.

அந்தப் பழக்கம் விரைவில் உதவியது. 1939 செப்டெம்பர் முதலாம் திகதி, டகன்ஹாமின் போர்ட் தொழிற்சாலைத் துறையிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கப்பலேறிக் கிழக்குக் கரையோர ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிய பெற்றோரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே ஆண்டு, வெற்றிக்காகத் தோட்டம் கொத்துங்கள் என்று அரசாங்கம் நாட்டைக் கேட்டது. புல்தரைகள் பாத்திகளாயின. மரக்கறியின்மேல் சிறுவர்களுக்கு விருப்பம் வரவேண்டும் என்று 'பொட்டேட்டோ பீட்', 'டொக்டர் கரட்' என்ற சித்திரப் பாத்திரங்களையும் உணவு அமைச்சு உருவாக்கிப் பரப்பியது.

எங்கள் பக்கத்திலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. ஆறில்லாத குடாநாட்டில் கிணற்று நீரை நம்பியே தோட்டம் செய்தோம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது வெங்காயமும் மிளகாயும் கமக்காரர் வீடுகளில் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளவு முருங்கையும் கீரையும் அடுப்புக்குத் துணைநின்றன. துலா மிதிக்கப் பெரியவர்கள், வாய்க்காலில் தண்ணீர் மாற்றச் சிறுவர்கள். பாத்தி, நாற்று, களை, முளை என்ற சொற்களை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை.

இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து வரும்? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுதிக் காட்டலாம். ஆனால் களையைப் பிடுங்கிய கைக்குத்தான் களை என்றால் என்னவென்று தெரியும். அதைக் கற்பிக்கக்கூடிய அம்மம்மாவும் அப்பப்பாவும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். நாளை இருப்பார்கள் என்று கணக்கில் எழுதிவைக்க முடியாது.

ஆகவே இந்த வசந்தத்தில் சிறிதாகத் தொடங்குங்கள். பங்குனியில் முளைகட்டிய உருளைக்கிழங்கைப் பிள்ளையின் கையால் நடவையுங்கள். சிறு முள்ளங்கி நான்கைந்து வாரத்தில் பிடுங்கலாம். பொறுமையில்லாத வயதுக்கு அது ஏற்ற பயிர். வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் யன்னலோரச் சட்டியிலேயே போடலாம். தக்காளியும் பூசணியும் உள்ளே முளைத்து வளரட்டும். உறைபனிப் பயம் நீங்கிய வைகாசி நடுப்பகுதிக்குப் பிறகு வெளியே வையுங்கள். தண்ணீர் ஊற்றுவதைப் பிள்ளையின் பொறுப்பாக விடுங்கள். எது வாடினாலும் ஏசவேண்டாம், விதை மலிவு.

மாடிவீட்டில் இருப்போர் கவுன்சிலின் தோட்டத் துண்டுக்கு விண்ணப்பிக்கலாம். காத்திருப்புப் பட்டியல் இருந்தாலும் பெயரைப் பதிந்துவையுங்கள். அதன் வழக்கமான முழு அளவு 10 றொட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். எங்கள் ஒரு பரப்பும் அவ்வளவுதான்.

ஊரில் விட்டுவந்த காணியின் உறுதிகளைப் பலர் பத்திரமாக வைத்திருக்கிறோம். அது நல்லது. இந்த ஞாயிறு, கதவைத் திறந்தால் காலடியில் கிடக்கும் காணியிலும் பிள்ளையோடு ஒரு பாத்தி கட்டுங்கள்.