தலையாட்டியும் பொய்ப்பெயரும்

மொட்டைக் கடிதத்தில் எழுத்தின் சாயலேனும் எழுதியவனைக் காட்டிக் கொடுக்கும். மட்டக்களப்பு மண் கண்ட ‘தலையாட்டி’க்கோ அதுவும் இல்லை; முகமூடிக்குள் இரு கண்களே தெரியும். 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் முகமூடியிட்டவர் முன் நிறுத்தப்பட்டனர். கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் காணாமற் போயினர்.

தலையாட்டிகளுட் பலர் அச்சத்தாற் பணிந்த கைதிகளே என்பதை மறத்தலாகாது. இன்று களுதாவளை வெற்றிலைத் தோட்டத்திலும் கைப்பேசி ஒலிக்கிறது. பொய்ப்பெயருக்குள் ஒளிந்து ஒரு மாணவியின் படத்தைத் திரித்துப் பரப்புவோனை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. முகமூடியைத் தானே விரும்பி அணிகிறான்.

2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அதனைக் கழற்றவே வந்ததாம். ஆயினும், ஆட்சியைக் குறை கூறுவோரையே அது முதலில் தேடுமென ஊடகவியலாளர் அஞ்சினர். அவ்வச்சம் வீணன்று, 1990இல் தலையாட்டியைக் கொணர்ந்து நிறுத்தியதும் அரச படையே.