நெடுவழி ஓட்டத்திற் பானங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

1904ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 30ஆம் நாட் பிற்பகல், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் செயின்ற் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மரதன் ஓட்டம் தொடங்கியது. வெயில் 90 பாகை பரனைற்றை எட்டியிருந்தது. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீண்ட வழி புழுதி படிந்த மண் வீதி. குதிரைகளும் மோட்டார் வண்டிகளும் முன்னுஞ் சென்று அப்புழுதியைக் கிளப்பின. நீர் பெறக்கூடிய இடங்களோ ஒன்றிரண்டே. ஓடத் தொடங்கியோர் 32 பேர். ஓடி முடித்தோர் 14 பேர்.

அன்று வாகை சூடியவர் தோமஸ் ஹிக்ஸ் என்பார். பத்து மைல் எஞ்சியிருக்கையில் அவர் நீர் கேட்டார். உடன் சென்ற துணைவர்கள் பருக நீர் கொடாது, வாயை மட்டும் நனைத்துவிட்டனர். ஏழு மைல் எஞ்சியபோது ஒரு கிரெயினில் அறுபதிலொரு பங்கு ஸ்திரிக்னினை முட்டை வெண்கருவிற் கலந்து கொடுத்தனர். பின்னர் மற்றொரு முறையும் அதனையே முட்டையோடும் சிறிது பிரண்டியோடும் ஊட்டினர். ஸ்திரிக்னின் என்பது நம் நாட்டவர் நன்கறிந்த எட்டிக் கொட்டையிலிருந்து பெறப்படும் நஞ்சு. சிற்றளவில் நரம்புகளைத் தூண்டுவது. அளவு சற்று மிகின் உயிரைக் கொள்வது. ஹிக்ஸ் 3 மணி 28 நிமிடங்களில் ஓடி முடித்தார். ஒலிம்பிக் மரதனில் வென்றோருள் இத்துணைக் காலம் எடுத்தவர் வேறெவருமிலர். துணைவருள் ஒருவரான சாள்ஸ் லூக்காஸ் அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை மறையாது விரித்துரைத்து, மருந்துகள் ஓட்டக்காரருக்குப் பெரிதும் பயன் தருவன என்பதற்கு இதனைச் சான்றாகவுங் காட்டினார். நீர் தீங்கு, நஞ்சு நன்மை என்று கருதியவர்கள் கொடியவரல்லர். தம் காலத்து அறிவின்படி ஒழுகியவர்களே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஓடுவோன் நீர் பருகின் வயிறு கனக்கும், விலா நோகும், வேகங் குன்றும் என்னும் எண்ணம் அரை நூற்றாண்டு கடந்தும் நிலவியது. தாகத்தை அடக்குதல் ஆண்மைக்கு அடையாளமாகவும் மதிக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டின் அனைத்துலக விதியின்படி, முதல் 15 கிலோமீற்றர் கடந்த பின்னரே பந்தயம் நடத்துவோர் பானம் வழங்கலாம். ஓடுவோர் தாமாக எதனையும் கொண்டு செல்லுதல் கூடாது. மறு ஆண்டு வன்கூவரில் நிகழ்ந்த பொதுநலவாயப் போட்டியில், வெயிலின் கொடுமையால் இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் பட்ட பாட்டை உலகம் கண்டது. எதிரிகளை 17 நிமிடம் முந்தி அரங்கினுள் நுழைந்த அவர், விழுந்தும் எழுந்தும் தவழ்ந்தும், எல்லைக்கோட்டை அடையாமலே தூக்கிச் செல்லப்பட்டார். அதன் பின்னர் அவர் எப்பந்தயத்திலும் ஓடவில்லை.

இக்கொள்கை மாறியது 1960களில். 1965இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் றொபேட் கேட், வியர்வையில் வீரர் இழப்பன யாவை என்று அளந்தறிந்து, நீரும் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறுங் கலந்த பானமொன்றை ஆக்கினார். அதுவே பின்னர் கேற்றறேட் என்னும் பெயரில் உலகெங்கும் விற்பனையாயிற்று. 1969இல் தென்னாபிரிக்க ஆராய்ச்சியாளரான விண்டமும் ஸ்திரைடமும், போதிய நீர் பருகாமை மரதன் ஓட்டக்காரருக்குப் பேரிடர் விளைக்கும் என்று எழுதினர். விண்டம் சுரங்கத் தொழிலாளர் வெப்பத்தால் உறும் இன்னலை ஆராய்ந்தவர். சுரங்கத்திற் கண்ட அறிவே ஓட்டப்பாதைக்கு வந்தது. ஆனால் அடக்கிய தாகம் அவிழ்க்கப்பட்டபோது அதற்கு அளவு வகுப்பார் இலராயினர். 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, உடல் இழக்கும் வியர்வைக்கு ஈடாக, அன்றேல் தாங்குமளவு மிகுதியாக, பருகுக என அறிவுறுத்தியது.

இவ்வறிவுரைக்கு முரணான செய்தி முன்னரே வெளியாகியிருந்தது. 1985இல் திமொதி நோக்ஸ் என்னுந் தென்னாபிரிக்க மருத்துவரும் அவருடன் ஆய்ந்தோரும் நீண்ட பந்தயங்களில் மயங்கி வீழ்ந்த நால்வரைப் பற்றி எழுதினர். அவர்களை வீழ்த்தியது நீர்க்குறைவன்று, நீர் மிகையே. பருகிய நீர் குருதியிலுள்ள சோடியத்தை ஐதாக்க, மூளை வீங்குகின்றது. மயக்கமும் வலிப்பும் தொடர்கின்றன. விரைந்தோடும் வீரரைவிட, பல மணி நேரம் மெல்ல ஓடி, நிலையந்தோறும் நின்று பருகுவோரே இதற்கு இரையாகின்றனர். 2002இல் பொஸ்ரன் மரதனில் ஓடிய ஒரு பெண் இதனால் உயிர் துறந்தார். அதே பந்தயத்தில் ஓடிய 488 பேரின் குருதியைச் சோதித்தோர் 2005இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 13 பேர் சோடியக் குறைவுற்றிருந்தனர். ஓட்டத்தின் முடிவில் உடல் எடை கூடியிருத்தலே இதனோடு மிகவும் தொடர்புடைய குறியாயிற்று. உப்புப் பானம் பருகியோரும் தப்பினாரல்லர். அப்பானத்திலும் பெரும்பகுதி நீரேயன்றோ! 2007இல் மேற்கூறிய கல்லூரி தன் அறிவுரையை மாற்றி, மிகையாகப் பருகுதலையும் விலக்கியது. பான வணிகரின் செல்வாக்கே பழைய அறிவுரைக்குக் காரணம் என நோக்ஸ் 2012இல் நூலெழுதிச் சாடினார். வணிகர் செல்வாக்கு மறுக்கற்பாலதன்று. எனினும், பீற்றர்ஸ் போன்றோர் வீழ்ந்ததைக் கண்ட மருத்துவரின் அச்சமும் அவ்வறிவுரையில் உறைந்திருந்தது என்றல் பொருந்தும்.

கபீனின் வரலாறு வேறு வகையானது. கோப்பிக்கொட்டையிலிருந்து 1819இல் ஜெர்மானியரான றுங்கே பிரித்தெடுத்த இப்பொருள் நம் மலைநாட்டுத் தேயிலையிலும் உண்டு. 1972இல் மியூனிக் ஒலிம்பிக் மரதனில் வென்ற அமெரிக்கர் பிராங் ஷோட்டர், வாயு நீக்கிய கொக்கா கோலாவையே வழியிற் பருகினார். அவருடைய நாட்டவர் அப்பந்தயத்தை வென்றது 1908க்குப் பின் அதுவே முதன்முறை. 1978இல் இந்தியானாவைச் சேர்ந்த டேவிட் கொஸ்ரில், 330 மில்லிகிராம் கபீன் உட்கொண்ட சைக்கிள் வீரர் சராசரி 90 நிமிடமும் அஃதின்றி 75 நிமிடமுமே களைப்புறாது மிதித்தனர் எனக் கண்டார். உடல் கொழுப்பை எரித்துச் சர்க்கரையைச் சேமிக்கின்றது என்பது அவர் தந்த விளக்கம். மூளையிற் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்னும் பொருளைக் கபீன் தடுக்கின்றது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

1984 முதல் ஒலிம்பிக் குழு கபீனைத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. சிறுநீரில் ஒரு மில்லிலீற்றருக்கு 12 மைக்கிரோகிராமுக்கு மேற்படின் குற்றமென்பது பின்னர் வகுக்கப்பட்ட எல்லை. கோப்பி பருகுதல் குற்றமன்று, மிகுதியாகப் பருகுதல் குற்றம் என்னும் இவ்விதி, ஒருவரின் உடலில் விரைவாகவும் மற்றொருவரின் உடலில் மெதுவாகவும் கழியும் பொருளுக்கு எங்ஙனம் பொருந்தும்? 1988இல் சியோலில் ஓர் ஆஸ்திரேலிய வீரர் இவ்விதியால் விலக்கப்பட்டார். தாம் கோப்பியே பருகியதாக அவர் வாதாடினார். 2002இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர், நெடும் பயிற்சியின் பிற்பகுதியிற் சிறிதளவு கொக்கா கோலா பருகுதலும் பெருமளவு கபீனைப் போலவே வேகத்தைக் கூட்டுமென நிறுவினர். சட்டம் தடுத்த எல்லைக்கு மிகக் கீழே, முன்னர் ஷோட்டர் பருகிய அளவை ஒத்த அளவிலேயே பயன் கிட்டிவிடுகின்றது. 2004 சனவரி 1ஆம் நாள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் கபீனைத் தடைப்பட்டியலினின்று நீக்கி, கண்காணிக்கப்படும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது.