பூசான் கடலில் ஒரு யூ டர்ன்

1988 செப்டம்பர் 24ன்னு சொன்னா, ஒலிம்பிக் பைத்தியங்களுக்கு சட்டுனு ஞாபகம் வர்றது பென் ஜான்சன்தான். சியோல்ல 9.79 வினாடியில நூறு மீட்டர் ஓடினதும், மூணே நாள்ல ஊக்கமருந்துல மாட்டித் தங்கத்தைப் பறிகொடுத்ததும் ஊரறிஞ்ச கதை. அதே நாள் இன்னொரு கனடாக்காரர் பூசான் விரிகுடாவுல செஞ்சதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அவர் லாரன்ஸ் லெமியூ. ஓட்டினது ஃபின் வகைப் பாய்மரப் படகு: நாலரை மீட்டர் நீளம், ஒரே பாய், ஒரே ஆள். ஆரம்பத்துல சாதுவா இருந்த காத்து 35 நாட் வரைக்கும் எகிறிடுச்சு (மணிக்கு 65 கி.மீ. சாமி!). காத்து கூடினா வேகமும் கூடும்னு நினைச்சுடாதீங்க. ஒரு அளவுக்கு மேல, உடம்பை வெளியே சாய்ச்சு, படகைக் கவிழாம பார்த்துக்கறதே பெரும்பாடு. அலை உசரத்துல மிதவை கண்ணுலயே படாம, முதல்ல போயிட்டிருந்தவர் அதைத் தவறவிட்டு, திரும்பிப் போய் சுத்திட்டு வந்தார். அப்படியும் ரெண்டாவது இடம்!

அப்பதான் பக்கத்துல 470 வகைப் போட்டியில இருந்த சிங்கப்பூர் படகு கவிழ்ந்து கிடக்கறதைப் பார்த்தார். ஒருத்தர் படகைப் பிடிச்சுத் தொங்கறார், இன்னொருத்தரை நீரோட்டம் இழுத்துட்டுப் போகுது. லெமியூ பந்தயத்தை விட்டுட்டுப் படகைத் திருப்பினார். ரெண்டு பேரையும் இழுத்துப் போட்டுக்கிட்டு, கொரியக் கடற்படைப் படகு வர்ற வரைக்கும் காத்திருந்தார். ஒத்தை ஆள் படகுல மூணு பேர், அந்த அலையில.

அப்புறம் வந்து ரேஸையும் முடிச்சார், ரொம்பப் பின்னால. நடுவர்கள் அந்த ரெண்டாம் இடத்தையே கொடுத்தாங்க. ஆனா மொத்தக் கணக்குல 11வதுதான். கூபர்டின் பதக்கம் மட்டும் கிடைச்சது, சமராஞ்ச் கையால.

அந்த வருஷம் ஃபின் தங்கம் ஸ்பெயினோட ஹோசே லூயிஸ் தொரேஸ்தேவுக்கு. நானே தேடிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.