ஒரே ராத்திரியில் நூறு பாட்டு எழுதிய வாத்தியாருக்குப் பேச்சு போன கதை

நீளமான திரெட். நேரம் இருக்கும்போது படிங்க.

காலடிப்பேட்டையில் என் க்ளினிக்குக்கு ஒரு பெரியவர் வருகிறார். எழுபது வயசைத் தாண்டியவர். நாலு மாசத்துக்கு முன்னாடி ஸ்ட்ரோக். வலது கையும் வலது காலும் விழுந்துபோச்சு, கூடவே பேச்சும். நாம சொல்றது அவருக்குப் புரியுது. "மக பேரைச் சொல்லுங்கய்யா"ன்னு கேட்டா வாயைத் திறப்பார், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் தண்ணி வரும். பேர் மட்டும் வராது.

போன வாரம் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. "டாக்டர், அப்பாவுக்குப் பேச்சு வரல. ஆனா ராத்திரியில பாட்டு வருது."

"என்ன பாட்டும்மா?"

"வள்ளி திருமணம். வேலன் பாடுறது. ஒரு வார்த்தை பிசகாம வருது."

பெரியவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். எண்ணூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, திருவிழா சீசன் வந்தால் லீவு போட்டுட்டு ஊருக்குப் போய் நாடகத்துக்கு ஹார்மோனியம் வாசித்தவர். (பெயர் போடவில்லை. எழுதிக்கொள்ளச் சொல்லி மகளே அனுமதி கொடுத்தாங்க.)

பேச்சு போய் பாட்டு மட்டும் மிச்சம் இருப்பது மருத்துவத்தில் புதுசு இல்லை. ஸ்வீடனில் ஓலாஃப் டாலின் என்பவர் 1745லேயே இப்படி ஒருத்தரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை பேச முடியாத மனுஷன், தேவாலயத்தில் மட்டும் துதிப்பாட்டைப் பாடினாராம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பக்கம். மெட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் நம்பி இல்லை. அதுவும் பல வருஷம் பாடிப் பாடி ஊறிப்போன பாட்டு என்றால், அடுத்த சொல்லைத் தேட வேண்டாம். மெட்டே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். 1973ல் பாஸ்டனில் இதை வைத்தே ஒரு பேச்சுப் பயிற்சி முறையை உருவாக்கினார்கள்.

ஆனா நான் எழுத வந்தது அதை இல்லை. அந்த வள்ளி திருமணத்தை நாடகமாக்கிக் கொடுத்தவருக்கும் இதே வியாதிதான் வந்தது. இதே சென்னையில். 1921ல்.

சங்கரதாஸ் சுவாமிகள். நம்மில் நிறையப் பேருக்கு இந்தப் பெயர் தெரிஞ்சது 2019 நடிகர் சங்கத் தேர்தலில்தான். 'பாண்டவர் அணி'க்கு எதிரா 'சுவாமி சங்கரதாஸ் அணி'ன்னு டிவியில் ஓடிக்கிட்டே இருந்ததே, அவர்தான்.

1867 செப்டம்பர் 7, தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அப்பா தாமோதரன் ராமாயணம் கரைத்துக் குடித்தவர்; முதல் வாத்தியார் அவர்தான். அப்புறம் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் பாடம். திருப்புகழ்ச் சந்தத்தில் ஊறியவர் தண்டபாணி சுவாமிகள். தாளத்துக்குள் தமிழை அடைக்கிற வித்தைக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் அன்றைக்கு இல்லை.

படித்துவிட்டு என்ன செய்தார்? உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்த வேலை எப்படி இருந்திருக்கும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயில், மூட்டை, எண்ணிக்கை. 24 வயசில் அதை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

முதலில் நடிகர். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். எல்லாமே உருட்டிப் பார்க்கிற வேஷங்கள். இங்கே ஒரு கதை சொல்வார்கள். சாவித்திரி நாடகத்தில் இவர் எமனாக வந்ததைப் பார்த்துப் பயந்து, கூட்டத்திலிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாம். இன்னொரு நாள் விடியற்காலையில் சனீஸ்வர வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, எதிரில் வந்த ஒரு பெண் அதிர்ச்சியில் அங்கேயே விழுந்து இறந்தாராம். அதோடு வேஷம் போடுவதையே விட்டுவிட்டார் என்பது கதை.

டாக்டரா என் கருத்து: ஒரு நொடி பயந்ததால் கரு கலையாது. ஆரம்ப மாதங்களில் கலைகிற கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறு. ரெண்டாவது நடக்கக்கூடியதுதான். கடும் அதிர்ச்சியில் இதயத் தசை திடீர்னு செயலிழப்பதை 1990ல் ஜப்பான்காரர்கள் விவரித்து, 'டக்கோட்சுபோ' என்று பேர் வைத்தார்கள். கதை எந்த அளவுக்கு உண்மையோ, அதைத் தன் பாவமாக எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிய ஒரு மனுஷன் அதற்குள் இருக்கிறார்.

அதற்குப் பிறகு எழுதுவது, சொல்லிக்கொடுப்பது. சாமி நாயுடு கம்பெனியில் ஆசிரியர். நடுவில் எல்லாத்தையும் விட்டுட்டுக் கோயில் கோயிலா அலைந்தார். 'சுவாமிகள்' பட்டம் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அந்த அலைச்சல் புதுக்கோட்டையில் முடிந்தது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்த மான்பூண்டியா பிள்ளை இவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டு வீட்டில் வைத்து லயம் சொல்லிக்கொடுத்தார். திரும்ப நாடகத்துக்கு அனுப்பியதும் அவர்தான். தண்டபாணி சுவாமிகளின் சந்தமும் மான்பூண்டியா பிள்ளையின் தாளக்கணக்கும் ஒரே ஆளுக்குள் சேர்ந்தால் என்ன ஆகும்? அதுதான் சங்கரதாஸ் பாட்டு.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், அல்லி அர்ஜுனா, சாரங்கதாரா, ஞானசௌந்தரி... பொதுவாகச் சொல்கிற கணக்கு 40 நாடகம். 68 என்பாரும் உண்டு. ஷேக்ஸ்பியரையும் விடவில்லை, 'ரோமியோ ஜூலியட்' செய்திருக்கிறார். கர்நாடக ராகம், சிந்து, கண்ணி, விருத்தம், பார்சி கம்பெனிகள் ஹார்மோனியத்தோடு கொண்டு வந்து இறக்கிய இந்துஸ்தானி மெட்டு, எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டார். அதுக்கு முன்னாடி மேடையில் பாட்டு இருந்தது, பேச்சு நடிகனின் வாய்க்கு வந்தபடி இருந்தது. பேச்சையும் சேர்த்து எழுதிக் கட்டுக்குள் கொண்டு வந்தவர் இவர்.

எல்லாம் கொண்டாட முடியாது. அல்லியை அர்ஜுனன் அடக்குகிற கதையை இன்னைக்கு என் மகளோடு உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பெரிய நடிகர்கள் ஒழுங்குக்கு வரவில்லை என்று சின்னப் பையன்களை வைத்துக் கம்பெனி நடத்தினார். 1910ல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அதில்தான் ஆறு வயசுப் பையன் ஒருத்தன் அண்ணன்மாரோடு வந்து சேர்ந்தான். பிற்காலத்து அவ்வை சண்முகம். கமலின் 'அவ்வை சண்முகி'யில் ஒளிந்திருக்கிற அதே பெயர்.

ஆறு வயசுக் குழந்தை, பள்ளிக்கூடம் இல்லை, ராத்திரி முழுக்க நாடகம். இன்னைக்கு நடந்தால் அதிகாரிகள் வந்து கம்பெனிக்குச் சீல் வைப்பார்கள். அந்தப் பையன்களுக்கு இன்னொரு பயமும் உண்டு: மகரக்கட்டு. 13, 14 வயசில் டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் குரல்நாண் நீளும், தடிக்கும், குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். நேற்று வரை கொட்டகையின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் மைக் இல்லாமல் பாடின பையன், இன்னைக்குத் தகரம் கிழிகிற மாதிரிப் பாடுவான். எனக்கு அது பருவ வளர்ச்சி, நார்மல். அவனுக்கு அது வேலை போகிற விஷயம்.

அந்தச் சண்முகத்துக்காக எழுதியதுதான் 'அபிமன்யு சுந்தரி'. ஒரே ராத்திரி. நாலு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம், நூற்றுக்கும் மேல் பாட்டு, வசனம், எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் விடிவதற்குள் முடிந்தது. நான் நைட் ட்யூட்டியில் நாலு கேஸ் ஷீட் எழுதினாலே விடியும்போது என் கையெழுத்து எனக்கே புரியாது.

இது எப்படிச் சாத்தியம்னு ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவர் காகிதத்துக்காக எழுதியவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பையன் காதால் கேட்டு, வாயால் பிடித்து, மறுநாள் மேடையில் சொல்ல வேண்டும். எதுகை தப்பினால் அவனுக்கே தட்டும். தாளம் தப்பினால் மிருதங்கக்காரர் முறைப்பார். மறதிக்கு இடமே இல்லாதபடி கட்டப்பட்ட தமிழ். சாகிறவன்கூட மேடையில் பாடிவிட்டுத்தான் சாகிறான் என்று படித்தவர்கள் கேலி பண்ணினார்கள். அதே காலத்தில் சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியார் பாட்டைக் குறைத்து வசன நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் தேவைதான். ஆனால் நூறு வருஷம் கழித்து, காலடிப்பேட்டையில் ஒரு பெரியவரின் அடிபட்ட மூளைக்குள் மிச்சம் இருப்பது வசனம் இல்லை.

1921. பால சபை சென்னையில் முகாம். அங்கேதான் சுவாமிகளுக்கு வாதம் தாக்கியது. கை கால் முடங்கியது, வாயும் பேச முடியாமல் போச்சு. வயசு 54.

பேச்சு போவதில் ரெண்டு வகை உண்டு. நாக்கும் தொண்டையும் தளர்ந்து உச்சரிப்பு போவது ஒன்று. மூளையில் சொல்லே கிடைக்காமல் போவது, அபேசியா, இன்னொன்று. நூறு வருஷம் கழித்து உட்கார்ந்து டயக்னோசிஸ் எழுதுவது டாக்டருக்கு அழகில்லை. அன்றைக்கு சிடி ஸ்கேன் கிடையாது. அது வந்தது 1971ல். பிபி பார்க்கும் கருவி இருந்தது, பிபியைக் குறைக்க உருப்படியான மாத்திரை 1950களில்தான் வந்தது. வாதம் வந்தால் எண்ணெய், ஒத்தடம், சாமி.

(இன்னைக்கு அப்படி இல்லை. முகம் ஒரு பக்கம் கோணினா, ஒரு கை தூக்க வரலைன்னா, பேச்சு குழறினா உடனே 108. கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வடசென்னைக்காரங்க நேரா ஸ்டான்லிக்குப் போங்க. நம்ம பெரியவரை வீட்டில் தூங்க வைத்துட்டு மறுநாள்தான் கொண்டு போனாங்க.)

சுவாமிகள் ஊருக்குத் திரும்பவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனுஷனுக்கு ஊர் எது? கம்பெனிதான். பேச முடியாத வாத்தியாரைப் பையன்கள் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ராத்திரியும் திரை அந்தப்பக்கம் அவருடைய பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. எட்டு வயசு, பத்து வயசுக் குரல்கள், அவர் சொல்லிக்கொடுத்த சொற்கள். வாத்தியார் சும்மா உட்கார்ந்திருக்கிறார். யாராவது ஒரு பையன் அடி தப்பியிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? இதை யோசிக்கிறப்ப எனக்கு அவர் எழுதியவர் என்பது மறந்துபோய், என் பேஷன்ட் மாதிரி ஆகிவிடுகிறார்.

கம்பெனி புதுச்சேரியில் இருந்தபோது, 1922 நவம்பர் 13, திங்கட்கிழமை ராத்திரி 11 மணிக்குப் போய்விட்டார். நாடகக்காரனுக்கு அது நட்ட நடு ஆட்ட நேரம். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நவம்பரில் நாடகக் கலைஞர்கள் அங்கே குருபூஜை செய்கிறார்கள்.

மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் 'ஸ்பெஷல் நாடகம்' பார்த்திருக்கீங்களா? ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு ஊர், ஹார்மோனியம் வேறு. ஒத்திகை கிடையாது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, மேடைக்குப் பின்னாடிதான் முதல் தடவை முகம் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். வேலனும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவார்கள், கேள்விக்குப் பதில், பதிலுக்கு எதிர்ப்பாட்டு. முன்பின் தெரியாத ரெண்டு பேர் எப்படி இதைச் செய்கிறார்கள்? ரெண்டு பேருக்குள்ளும் ஒரே வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார்.

நம்ம பெரியவர் விஷயத்துக்கு வர்றேன். மகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். அந்தப் பாட்டை அவர் பாடும்போது இடது கையால் மேஜையில் தாளம் தட்ட வைக்கணும். அதே மெட்டில் "தண்ணி வேணும்", "வலிக்குது"ன்னு ரெண்டு மூணு சொல்லை மட்டும் மாற்றிப் போட்டுப் பாடிக் காட்டணும், அவர் கூடவே வரணும். எல்லாருக்கும் பலிக்காது, அதையும் சொல்லிட்டேன்.

நேற்று போன் பண்ணினாங்க. "தண்ணி" வந்துடுச்சாம், ராகத்தோடு. அவங்க பேர் இன்னும் வரலை. அடுத்த ரிவ்யூவுக்கு வரும்போது ஹார்மோனியத்தையும் எடுத்துட்டு வரட்டுமா டாக்டர்னு கேட்டாங்க. க்ளினிக்கில் ரெண்டு பேர் நின்னாலே இடிக்கும். எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.