சித்திலெப்பையின் அளவுகோல்

டிக்கோயாக் கடைவீதியில் இருக்கும் நாங்கள் எம்மை அளந்துகொள்வது பெரும்பாலும் இரண்டு விதத்தில்தான். பக்கத்துக் கடையின் வியாபாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். எதிர்மலையின் லயங்களைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்வோம். இந்த அளவுகளால் ஒரு சமூகம் முன்னேறுமா? விடைக்கு அறிஞர் சித்திலெப்பையிடம்தான் போகவேண்டும்.

1838இல் கண்டியில் பிறந்த சித்திலெப்பை ஒரு வழக்கறிஞர். அவருடைய காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரிதும் மிஷனரிகளின் கையில் இருந்தது. பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள் என்று முஸ்லிம்கள் அஞ்சினர். அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. சைவருக்கும் பௌத்தருக்கும் அதே அச்சம் இருந்தது. ஆனால் அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. மிஷன் பாடசாலையில் பயின்ற ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1880இல் ஒல்கொட் வந்தபின் பௌத்தர் எழுச்சி பெற்றனர். 1886இல் ஆனந்தாக் கல்லூரி தோன்றியது. கடலுக்கு அப்பால் அலிகாரில் ஸர் ஸெய்யித் அஹ்மத் கான் 1875இலேயே கல்லூரிக்கு அடியிட்டிருந்தார்.

சித்திலெப்பையின் காலம் இதுதான். ஒரே இடரில் அகப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் அளவுகோல் என்பேன். 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்த எகிப்தின் ஒறாபி பாஷா அவருக்குப் பக்கபலமானார். 1884இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை. அவர் ஓயவில்லை. வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் துணையுடன் 1892இல் மருதானையில் எழுந்த மத்றஸாவே பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. பெண்கல்விக்கும் அவர் பாடுபட்டார். 1898இல் அவர் மறைந்தார்.

உலக வசதிகளில் உங்களுக்குக் கீழே உள்ளவரைப் பாருங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. அறிவைப் பெற்று அதைப் பிறருக்குக் கற்பிப்பவரைப் பார்த்து அவரைப்போல் ஆக ஆசைப்படலாம் என்பதும் அவர்களின் வாக்கே. முன்னது மனநிறைவுக்கு, பின்னது முன்னேற்றத்துக்கு. நாம் முன்னதைக் கல்விக்கும் பின்னதைக் காசுக்கும் மாற்றிப்போட்டுக்கொண்டோம்.

லயங்களையே எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்கள் அவர்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அந்த லயங்களிலிருந்து இன்று ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் வருகிறார்கள். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். வாழ்க்கை வசதியில் யாரைக் கீழே என்று எண்ணினோமோ, கல்வியில் அவர்களை அண்ணாந்து பார்க்கவேண்டிய காலம் இது.

பள்ளிவாசல் சந்தாக் கணக்கு வருடந்தோறும் வாசிக்கப்படுகிறது. மஹல்லாவில் எத்தனை பிள்ளைகள் உயர்தரம் படித்தார்கள், எத்தனை பேர் இடையில் கடைக்கு வந்துவிட்டார்கள் என்ற கணக்கையும் அதோடு சேர்த்து வாசிப்போம். சித்திலெப்பைக்கு நாம் எடுக்கும் விழாக்களைவிட அது அவருக்குப் பொருத்தமான நினைவாக இருக்கும்.