பாத எலும்பின் தீங்கற்ற கட்டிகள்: நோயறிதல் வரலாறு

பம்மலை அடுத்த தாம்பரத்தில் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928இல் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் நிறுவப்பெற்றது. பாத எலும்பின் தீங்கற்ற கட்டிகளை இனங்காணும் வரலாற்றை இவ்விரு நிறுவனங்களின் பின்னணியில் நோக்குதல் தகும்.

குதிகால் எலும்பைக் காசநோயும் அரிக்கும்; தீங்கற்ற கட்டியும் குடையும். ஊடுகதிர்ப் படத்தில் இரண்டும் கருங்குழியாகவே தோன்றக்கூடும். அழற்சி எனக் கருதப்பட்டுவந்த ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவை 1935இல் ஹென்றி யாஃபே தனிக்கட்டியாக வரையறுத்தார். இரவில் மிகுந்து ஆஸ்பிரினால் தணியும் வலி அதன் முதன்மை அடையாளமாயிற்று. பாதத்தின் சிற்றெலும்புகள் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் மறைந்த அதன் மையத்தை, 1971இல் அறிமுகமான சி.டி. வருடி பின்னாளில் வெளிப்படுத்தியது.

கட்டியைக் காசநோய் எனக் கொண்டால் மாதக்கணக்கில் வீண் மருந்து. காசநோயைக் கட்டி எனக் கொண்டால் மூட்டே சிதையும். ஆதலின் நோயாளியின் கூற்று, படம், ஐயமுள்ளவிடத்துத் திசு ஆய்வு ஆகியன ஒத்திசையும்போதே முடிவு உறுதிபெறும். கருவிகள் பெருகியும் வலியைப் பற்றிய நோயாளியின் சொல் சான்றாகவே நீடிக்கிறது என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.